தண்ணீரில் டம்பெல்: அமுக்குவதும் விடுவதும்

ஃபோம் டம்பெல்லைக் கடையில் முதன்முதலாகக் கையில் எடுக்கிற யாரும் அதை மதிப்பதில்லை. பார்க்க ஜிம் டம்பெல் மாதிரியே இருக்கும், எடையோ 200 கிராம், மிஞ்சினால் 300. "பொம்மை மாதிரி இருக்கே, இதுல என்ன கை வலிக்கப் போகுது" என்று இருப்பதிலேயே பெரிய சைஸாகப் பார்த்து வாங்கிவிடுவார்கள். மார்பளவு தண்ணீரில் நின்று அதை ஒருமுறை அமுக்கிப் பார்த்த பிறகுதான் சங்கதி புரியும். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் கோடைக்கு மட்டும் நீச்சல் குளத்தில் சேர்கிறவர்கள் ஆகட்டும், முட்டி வலிக்கும் முதுகு வலிக்கும் பிசியோ சொல்லித் தண்ணீரில் இறங்குகிறவர்கள் ஆகட்டும், இதில் கோட்டை விடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஜிம்மில் தூக்குவது போலவே இங்கேயும் தூக்கப் பார்க்கிறார்கள். தண்ணீரில் தூக்குவதற்கு ஒன்றுமே இல்லை. அமுக்க வேண்டும், பிறகு அடக்கி விட வேண்டும்.

பொருள் என்ன என்பதில் தொடங்கலாம். நல்ல தண்ணீர் டம்பெல்லின் வட்டுகள் ஈ.வி.ஏ. ஃபோமில் செய்தவை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை; ஸ்போர்ட்ஸ் ஷூவின் நடு சோலுக்கும் லேசான வீட்டுச் செருப்புக்கும் போடுவது இதைத்தான். உள்ளே கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியது. அதனால் தண்ணீர் உள்ளே ஏறாது. மெத்தைக்கும் சோபாவுக்கும் போடும் ஸ்பாஞ்சில் அறைகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்திருக்கும், நிமிஷத்தில் உறிஞ்சிவிடும். விலை குறைவு என்று வாங்கிய டம்பெல் எந்த ரகம் என்று சந்தேகம் வந்தால், சமையலறைத் தராசில் எடை போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் கல் வைத்து மூழ்கடித்து, எடுத்துத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். பத்து இருபது கிராம் கூடினால் குழாய்க்குள் தங்கிய தண்ணீராக இருக்கலாம். நூறு கிராம் கூடியிருந்தால் அது தண்ணீரில் நிற்கிற சரக்கு இல்லை.

இரண்டு வட்டுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன்மேல் மெல்லிய பிடி ஃபோம், இரண்டு முனையிலும் வட்டு கழன்று வராமல் இருக்க மூடி. அவ்வளவுதான் உறுப்புகள். பழுது வருவதும் பெரும்பாலும் வட்டில் அல்ல, இந்த மூடியிலும் குழாயிலும்தான். வாங்கும்போதே வட்டைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். குழாயோடு சேர்ந்து லேசாகச் சுழன்றால் பரவாயில்லை. குழாயைவிட்டு அப்படியும் இப்படியும் ஆடினால் வேண்டாம்.

காலிக் குடத்தைக் கவிழ்த்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினால் திமிறிக்கொண்டு மேலே வருமே, அதே விசைதான் இங்கே பாரம். 1 லிட்டர் கொள்ளளவுள்ள பொருள் முழுக்க மூழ்கினால் 1 லிட்டர் தண்ணீரை விலக்குகிறது. அந்தத் தண்ணீரின் எடையான 1 கிலோ அதை மேலே தள்ளுகிறது. அதில் பொருளின் சொந்த எடையைக் கழித்தால் மிச்சம் உங்கள் கைக்கு. 15 செ.மீ. விட்டமும் 6.5 செ.மீ. கனமும் உள்ள ஒரு வட்டின் கொள்ளளவு ஏறக்குறைய 1.15 லிட்டர், இரண்டு வட்டுக்கு 2.3 லிட்டர். டம்பெல் 250 கிராம் இருந்தால் ஒரு கைக்கு வருவது 2 கிலோ. இரண்டு கைக்கும் சேர்த்து 4 கிலோ.

பெட்டிமேல் லைட், மீடியம், ஹெவி என்று போட்டிருப்பதை நம்பி வாங்காமல் அளந்துபார்ப்பது நல்லது. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் ஹெவியாக இருக்கும். வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்கும் 200 லிட்டர் பேரல் இருந்தால் போதும். டம்பெல்லின் நடுவில் ஒரு துணிப்பையைக் கட்டி, மளிகைக்கடை எடைக்கற்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். டம்பெல் முழுக்க மூழ்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்குகிற நிலையில் எத்தனை கல் இருக்கிறது என்று பாருங்கள். ஆனால் வார்ப்பிரும்புக் கல்லும் தண்ணீரில் லேசாகும். 1 கிலோ கல் உள்ளே 860 கிராம் அளவுக்குத்தான் இழுக்கும். ஆகவே இரண்டு கிலோ கல் தேவைப்பட்டால் டம்பெல்லின் பாரம் சுமார் 1.7 கிலோ. தெருமுனைக் கடைக்காரர் கல் தரத் தயங்கினால் மணல் மூட்டையைக் கட்டிவிடாதீர்கள், மணல் தண்ணீரில் இன்னும் அதிகமாக எடை இழக்கும், கணக்கு தப்பும்.

இதுவரை உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கும் அறுபது வயது கடந்தவர்களுக்கும் ஒரு கைக்கு 1 கிலோவுக்குள் போதும். 2 கிலோ என்பது பழகிய தோளுக்கு. சரியான அளவா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மார்பளவு நீரில் நின்று, கையைப் பக்கவாட்டில் நீர்மட்டத்தில் வைத்து, இரண்டு எண்ணும் நேரத்தில் தொடைவரை அமுக்குங்கள், மூன்று எண்ணும் நேரத்தில் மேலே விடுங்கள். பத்துமுறை செய்வதற்குள் தோள் காதை நோக்கி ஏறினாலோ, மேலே விடும்போது டம்பெல் கையைப் பிடுங்கிக்கொண்டு போனாலோ அளவு பெரிது. இதற்குமேல் யோசிக்க வேண்டாம், சின்னதுக்கு மாறுங்கள்.

டம்பெல் வாங்காமலும் தொடங்கலாம். மூடி இறுக்கிய காலி 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் கிட்டத்தட்ட 1 கிலோ பாரம் தரும், அரை லிட்டர் பாட்டில் அரை கிலோ. அதிலும் இரண்டு சிக்கல். இப்போது வருகிற பாட்டில்கள் மெலிதாக இருப்பதால் அமுக்கும்போது நசுங்கும். பெண்களின் கைக்கு 1 லிட்டர் பாட்டிலின் சுற்றளவு அதிகம், விரல் முழுக்கச் சுற்றாது, நழுவும். கழுத்துக்குக் கீழே இடுப்பு மாதிரி ஒடுங்கிய பாட்டில் கிடைத்தால் பிடிக்கத் தோது. சோதித்துப் பார்க்க ஒரு வாரம் பாட்டில், பிறகு டம்பெல் என்பது சிக்கனமான வழி.

எந்தத் தசை வேலை செய்கிறது

தரையில் டம்பெல்லைப் பிடித்துக் கையைப் பக்கவாட்டில் உயர்த்தினால் தோள்பட்டையின் வெளிப்புறத் தசை வேலை செய்யும். தண்ணீருக்குள் அதே அசைவில் ஃபோம் தானாகவே கையை உயர்த்திவிடுகிறது. தோள்பட்டைக்கு அங்கே பெரிய வேலையில்லை. வேலை இருப்பது இறக்கும்போதுதான். அதைச் செய்வது முதுகின் பக்கவாட்டில் ஓடும் பெரிய தசையும் மார்புத் தசையும். ஜிம் பையன்கள் விங்ஸ் என்று சொல்வது அந்த முதுகுத் தசையைத்தான். முழங்கையை மடக்கி நீட்டும் பயிற்சியும் இதே கதை. தரையில் மடக்கும்போது பைசெப்ஸ் உழைக்கும், தண்ணீரில் நீட்டும்போது ட்ரைசெப்ஸ் உழைக்கும். மெதுவாக மேலே விடும்போதும் பைசெப்ஸுக்கு வேலை இல்லை, அதே ட்ரைசெப்ஸ்தான் நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் "பைசெப்ஸுக்கு இருபது" என்று எண்ணிக்கொண்டு நிற்கிறவர்கள் எல்லாக் குளத்திலும் உண்டு. நல்ல உழைப்புத்தான், ஆனால் அவர்கள் நினைக்கிற தசைக்கு இல்லை. தண்ணீரில் பைசெப்ஸுக்கு வேலை தர வேண்டுமானால் ஃபோமைக் கரையில் வைத்துவிட்டு, உள்ளங்கையை மேலே திருப்பி விரல்களைச் சேர்த்து வெறுங்கையாலோ, விரலிடைச் சவ்வுள்ள நீச்சல் கையுறையாலோ தண்ணீரை வாரி மேலே இழுக்க வேண்டும். அங்கே பாரம் மிதப்பிலிருந்து வருவதில்லை, தண்ணீரின் தடையிலிருந்து வருகிறது.

தடை வேறு, மிதப்பு வேறு. முழுக்க மூழ்கிய ஃபோமின் மிதப்பு நீங்கள் வேகமாக அசைத்தாலும் மெதுவாக அசைத்தாலும் மாறாது. தடை அப்படியில்லை, வேகம் இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்காகும். "இன்னும் ரெண்டு போடலாம்" என்கிற உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டினால் கைக்குத் தெரியாமல் பாரம் எகிறுவது இதனால்தான். அதனால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், வேகத்தை வேண்டாம்.

டம்பெல்லைப் பிடிக்கும் திசையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. பிடியின் நீளவாக்கில் டம்பெல் நகர்ந்தால் வட்டின் தட்டையான முகம் தண்ணீரை எதிர்கொள்ளும், தடை அதிகம். பிடிக்குக் குறுக்காக நகர்ந்தால் வட்டின் விளிம்பு தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும், தடை குறைவு. கைகளை முன்னே நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, இரண்டு பக்கமும் விரித்துச் சேர்க்கும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அது தட்டை முகத்தால் தள்ளுவது, கஷ்டம். கட்டைவிரல் மேலே வரும்படி மணிக்கட்டைத் திருப்பிவிட்டால் அதே விரிப்பு பாதி லேசாகத் தெரியும். ஒரே ஜோடியை வைத்துக்கொண்டு இரண்டு அளவு பாரம் கிடைக்கிறது. தோள் சோர்ந்த நாளில் டம்பெல்லை மாற்ற வேண்டியதில்லை, மணிக்கட்டை மாற்றினால் போதும்.

பாரம் எங்கே அதிகம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பக்கவாட்டில் அமுக்கும் பயிற்சியில் கை நீர்மட்டத்துக்கு இணையாக இருக்கும்போதுதான் தோள் மூட்டுக்கு அதிகச் சுமை. தோளிலிருந்து டம்பெல் 60 செ.மீ. தள்ளி இருக்கிறது. கை தொடையை நெருங்க நெருங்கச் சுமை குறைந்துகொண்டே வரும். தோளில் வலி உள்ளவர்கள் முழங்கையை மடக்கி, டம்பெல்லை உடம்புக்குப் பக்கத்தில் வைத்துத் தொடங்கினால் அந்தத் தூரம் பாதியாகும், சுமையும் பாதியாகும். வலி விட்ட பிறகு கையை நீட்டலாம்.

எவ்வளவு ஆழம்

மார்பெலும்பின் கீழ்முனைவரை தண்ணீர் இருப்பதுதான் இதற்கு ஏற்ற ஆழம். ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ளவருக்கு அது மூன்றே முக்கால் அடி. நான்கடி ஆழமுள்ள முனையில் படியோரமாக நின்றால் ஏறக்குறைய சரியாக இருக்கும். அதற்குமேல் ஏன் போகக்கூடாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இடுப்பளவு நீரில் உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான் காலில் இறங்குகிறது, மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு, கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவர் மார்பளவு நீரில் நிற்கையில் காலில் 20 கிலோ இருக்கும். 2 கிலோ டம்பெல் இரண்டை அமுக்கினால் 4 கிலோ குறையும், 16 கிலோவோடு உறுதியாக நிற்கலாம். அதே ஆள் கழுத்தளவு நீரில் 6 கிலோவோடுதான் நிற்கிறார். 4 கிலோவை அமுக்கியதும் மிச்சம் 2 கிலோ. கால் வழுக்கும், உடம்பு பின்னால் சாயும், பதற்றத்தில் டம்பெல்லை இன்னும் அழுத்துவார், அது இன்னும் கவிழ்க்கும். பயிற்சிக் குளத்தில் புதியவர்கள் தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆழமான பக்கத்தில் டம்பெல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டோ, இரண்டு கையையும் விரித்து அதன்மேல் தொங்கிக்கொண்டோ சைக்கிள் மிதிப்பது போலக் காலை அசைப்பவர்கள் உண்டு. பார்க்க ஜாலியாக இருக்கும். உடம்பின் பாரம் முழுக்கத் தோள் மூட்டின் வழியே மேலே ஏறுகிறது, மேற்கை எலும்பின் தலை தோள் எலும்பின் கூரையில் போய் முட்டுகிறது; நடுவில் மாட்டிக்கொள்வது தசைநார். இரண்டு வாரம் இப்படிச் செய்துவிட்டு "கையைத் தூக்கித் தலை வார முடியலை" என்று வருகிறவர்களுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆழத்தில் நிற்க வேண்டுமானால் இடுப்பில் கட்டும் மிதவை பெல்ட்தான் கருவி.

கிணற்றைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். திருப்பத்தூர், குடியாத்தம், ஆற்காடு சுற்றுவட்டாரத்தில் கோடை விடுமுறை என்றால் பிள்ளைகளுக்கு விவசாயக் கிணறும் கைவிட்ட கல்குவாரிக் குட்டையும்தான் நீச்சல் குளம். அங்கே ஃபோம் டம்பெல்லைக் கொண்டுபோகவே கூடாது. இது உயிர்காப்பு மிதவை அல்ல. கை நழுவினால் அது ஒரு பக்கம் மிதந்துபோகும், ஆள் ஒரு பக்கம். நீச்சல் தெரியாதவர் அதைப் பிடித்துக்கொண்டு இறங்குவது, எதையும் பிடிக்காமல் இறங்குவதைவிட ஆபத்து, ஏனென்றால் அது தருகிற தைரியம் பொய். கால் ஊன்றத் தரை இல்லாத இடத்தில் இந்தப் பயிற்சி இல்லை.

நின்று செய்யும் முறை

முதல் ஐந்து நிமிஷம் டம்பெல் இல்லாமல் தண்ணீரில் நடங்கள், முன்னே, பின்னே, பக்கவாட்டில். பிறகு ஒரு காலை முன்னே வைத்து, முட்டியை லேசாகத் தளர்த்தி, தொப்புளை உள்ளே இழுத்து நில்லுங்கள். இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிமிர்ந்து நின்றால் ஒவ்வொரு அமுக்கிலும் உடம்பு ஊஞ்சலாடும், அடிமுதுகு வளைந்து வலி வரும்.

பக்கவாட்டு அமுக்கில் தொடங்குங்கள், பத்து முறை. அடுத்து முழங்கைகளை விலாவோடு ஒட்டவைத்து, டம்பெல்லை வயிற்று உயரத்திலிருந்து தொடைக்கு நேராக அமுக்குங்கள், இதுதான் ட்ரைசெப்ஸ். மூன்றாவது, மார்புக்கு முன்னால் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, இரு கையாலும் நேராக முன்னே தள்ளி இழுப்பது. தள்ளும்போது மார்பு, இழுக்கும்போது முதுகு. கூடவே ஃபோம் மேலே வராமல் அடக்கி வைக்கிற வேலையும் சேர்ந்துகொள்ளும். நான்காவது முன்பு சொன்ன விரித்துச் சேர்த்தல். ஒவ்வொன்றும் எட்டு முதல் பத்து முறை, இரண்டு சுற்று. சுற்றுக்கு நடுவே டம்பெல்லைக் கரையில் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நடங்கள், விரல்களுக்கு ஓய்வு அப்போதுதான் கிடைக்கும்.

இதில் தேறிய பிறகு ஒற்றைக் கைக்கு வாருங்கள். ஒரு கையில் மட்டும் டம்பெல்லைப் பிடித்து அமுக்கினால் உடம்பு மறுபக்கம் சாயப் பார்க்கும், அதைச் சாயவிடாமல் நிறுத்துவது இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள். வயிற்றுக்கு என்று தனியாக எதுவும் செய்யத் தேவையில்லாத அளவுக்கு இது வேலை வாங்கும். டம்பெல்லை இரு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக முறுக்குவதைப் பலர் சொல்லித் தருகிறார்கள். டிஸ்க் பிரச்சினை உள்ளவர்களுக்கு எங்கள் பரிந்துரையில் அது கிடையாது.

எந்தப் பயிற்சியிலும் வட்டு தண்ணீரை விட்டு வெளியே வரக்கூடாது. வெளியே வந்த கணத்தில் பாரம் காணாமல் போகும், திரும்ப உள்ளே போகும்போது தண்ணீர் மேல் அறைந்து மூட்டில் அதிர்ச்சி இறங்கும். பளார் பளார் என்று சத்தம் கேட்டால் யாரோ தப்பாகச் செய்கிறார் என்று அர்த்தம். மேலே விடும்போது கட்டுப்பாடு போனால் டம்பெல் நேராகத் தாடையில் வந்து மோதும், மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றிவிட்டு இறங்குவது நல்லது.

இனி பிடி. தண்ணீரில் எல்லாரும் தேவைக்கு இரண்டு மடங்கு இறுக்கிப் பிடிப்பார்கள், நழுவிவிடுமோ என்ற பயம். அமுக்கும்போது டம்பெல் உள்ளங்கையைத்தான் தள்ளுகிறது, அது எங்கும் ஓடிவிடாது. விரல்கள் சுற்றியிருந்தால் போதும். விடாமல் இறுக்கினால் முழங்கையின் வெளிப்புறத்தில் வலி பிடிக்கும், மூச்சையும் சேர்த்து அடக்கினால் பிரஷர் ஏறும். வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. மணிக்கட்டு பின்னால் மடங்காமல் முன்னங்கையோடு நேர்கோட்டில் இருக்கட்டும். முடக்குவாதத்தால் விரல் மூட்டு வீங்கியிருப்பவர்கள் டம்பெல்லைத் தொடாமல் கையுறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு வருகிறவர்களுக்கும் பிடி நிற்காது. எண்ணெய்க் குளியல் போட்ட நாளில் குளத்துக்கு விடுமுறை விடுங்கள். எண்ணெய் தண்ணீர்மேல் படலமாக நிற்பதோடு ஃபோமின் மேலும் ஒட்டிக்கொண்டு அடுத்தவர் கையையும் வழுக்கும். கண்ணாடி வளையல், கல்பதித்த மோதிரம், கூர்மையான மெட்டி மூன்றும் கழற்ற வேண்டியவை. வளையல் உரசிய பிடி ஃபோமில் அரைவட்டக் கீறல் விழும், பிறகு அங்கிருந்துதான் கிழியத் தொடங்கும். தாலிக்கயிறு நீளமாக இருந்தால் உடைக்குள் பின் குத்திவிடுங்கள், முன்னே தள்ளி இழுக்கும் பயிற்சியில் அது பிடியில் மாட்டிக்கொள்கிறது. உடை நைலான், லைக்ரா. முழுக்கை, முழுக்கால் மூடிய நீச்சல் உடைகள் கிடைக்கின்றன. பருத்திச் சுடிதாரையோ நைட்டியையோ பெரும்பாலான குளங்களில் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் ஊறிய துணி கையோடு இழுபட்டுத் தடையைக் கணக்கில்லாமல் கூட்டும்.

யார் கேட்டுவிட்டு இறங்க வேண்டும்

விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியில், பாகாயத்தில் சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையம் 1966-ல் தொடங்கிய ஊர் வேலூர். பிசியோவிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று இங்கே சொன்னால் அது வெறும் சம்பிரதாயம் இல்லை, கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள். தோளில் தசைநார் கிழிசலுக்கு ஆபரேஷன் ஆனவர்கள், தோள் இறுகிப்போனவர்கள் தாங்களாக டம்பெல் எடுக்கக் கூடாது. ஃபோம் கையைத் தானாக உயர்த்தும் தன்மை அவர்களுக்கு மருந்தாகவும் ஆகும், தையலைப் பிடுங்குகிற விசையாகவும் ஆகும். எத்தனையாவது வாரம், எந்த உயரம்வரை என்பதைச் சிகிச்சை தருகிறவர்தான் சொல்ல வேண்டும்.

இதய பலவீனம் உள்ளவர்களுக்குக் காரணம் வேறு. கழுத்துவரை தண்ணீரில் நின்றால் கால்களிலும் வயிற்றிலும் இருக்கும் இரத்தத்தில் சுமார் 700 மி.லி. நெஞ்சுப் பகுதிக்குத் தள்ளப்படுகிறது. ஆரோக்கியமான இதயம் அதைச் சமாளிக்கும், தளர்ந்த இதயம் திணறும். கட்டுக்குள் வராத பிரஷர், வலிப்பு, ஆறாத புண், காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் இறங்கவே வேண்டாம். தண்ணீரில் நாடித்துடிப்பு தரையில் இருப்பதைவிட நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து குறைவாகக் காட்டும் என்பதால் கைக்கடிகாரத்தை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள். பேசிக்கொண்டே செய்ய முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அந்த வேகம் சரி.

சுகர் உள்ளவர்களுக்கு ஆபத்து தண்ணீருக்கு வெளியேதான். அக்னி நட்சத்திரக் காலத்தில், பத்து மணிக்கு மேல், குளத்தைச் சுற்றியுள்ள சிமெண்ட் தரையும் கடப்பாக்கல்லும் எவ்வளவு சுடும் என்று வேலூர்க்காரர்களுக்குத் தெரியும். கால் உணர்ச்சி மரத்தவருக்கு அந்தச் சூடு உறைக்காது, வீட்டுக்குப் போய்க் காலைப் பார்த்தால்தான் கொப்புளம் தெரியும். பிடிமானமுள்ள ரப்பர் செருப்போடு படிவரை வந்து, தண்ணீர் ஷூவோடு உள்ளே இறங்குவது நல்லது. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டு இறங்காதீர்கள்.

நேரம் என்றால் கோடையில் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள். இந்தப் பயிற்சிக்கு 28 முதல் 31 டிகிரி தண்ணீர் இதம். மே மாத மாலையில் திறந்தவெளிக் குளத்துத் தண்ணீர் அதைத் தாண்டிவிடும், வியர்ப்பதே தெரியாமல் உடம்பு சோரும், தலை சுற்றும். பக்கத்தில் குடிதண்ணீர் பாட்டில் இருக்கட்டும். மார்கழி, தை விடியற்காலையில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதுண்டு. தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும் என்பதால் விரல் மரத்துப் பிடி தவறும். அந்த இரண்டு மாதம் பதினோரு மணிக்கு இறங்கலாம், அல்லது தரையிலேயே ஏதாவது செய்யலாம்.

பராமரிப்பு

ஒவ்வொரு முறையும் குளத்திலிருந்து எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசி, செங்குத்தாக நிறுத்தி, நிழலில் காய வையுங்கள். வெயிலில் காய வைத்தால் சீக்கிரம் காயும், சீக்கிரம் சாகும். மொட்டைமாடியில் ஒரு கோடை முழுக்கக் கிடந்த ஃபோம் மேல்தோல் வெடித்து, விரலால் தேய்த்தாலே பொடியாக உதிரும். பூட்டிய காருக்குள் வைப்பது அதைவிட மோசம், சூட்டில் வட்டு சுருங்கிக் குழாயோடு பொருந்தாமல் போகும். குளத்து நீரில் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் அளவில் இருந்தால் நிறம் மெல்ல வெளுக்கும், அவ்வளவுதான். கணக்கில்லாமல் பவுடர் கொட்டுகிற குளத்தில் ஆறு மாதத்தில் நுனி நொறுங்கத் தொடங்கும், அந்தத் தூள் வடிகட்டியில் போய் அடைக்கும். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அலசிக் காய்ந்த பின் வெள்ளையாகப் படிவதை, வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும்.

காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் குழாய்க்குள் தண்ணீர் ஏறியிருக்கிறது. முனை மூடியைக் கழற்றி, வடித்து, ஒருநாள் திறந்தே வைத்து, பிறகு மூடுங்கள். அப்படியே விட்டால் நாற்றம் பிடிக்கும், கருப்பாகப் பூஞ்சையும் வரும். கட்டைவிரலால் வட்டை அழுத்தி எடுத்த பள்ளம் அரை நிமிஷத்துக்குப் பிறகும் மேலெழவில்லை என்றால் உள்ளே காற்றறைகள் உடைந்துவிட்டன, பழைய பாரம் இனி கிடைக்காது. பேரலில் மறுபடி எடைக்கல் கட்டிப் பார்த்தால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும்.

வட்டின் விளிம்பில் சின்னக் கிழிசல் என்றால் செருப்பு தைக்கிறவர் பயன்படுத்தும் பசையே பிடிக்கும். இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, பசையை மெல்லியதாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம்வரை பத்துப் பதினைந்து நிமிஷம் காய விட்டு, பிறகு சேர்த்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் ஒட்டாது. ஒருநாள் தண்ணீரில் போடாதீர்கள். குழாயில் விரிசல் விட்டிருந்தால் மட்டும் ஒட்டிப் பார்க்க வேண்டாம். பாதி அமுக்கில் உடைந்த பிளாஸ்டிக் உள்ளங்கையைக் கிழிக்கும். நல்ல வட்டுகளைக் கழற்றி எடுத்துவைத்துவிட்டு குழாயைக் குப்பையில் போடுங்கள், அடுத்த ஜோடியில் ஒரு வட்டு போனால் அது உதவும்.